சோல் இசையோடு நாற்பது ஆண்டுகள்: மோனோவுக்குத் திரும்பிய அனுபவம்

பதினைந்து வயதில் ஒரு கேசட் வழியாக அறிமுகமான, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசையையும், அதனோடு பின்னிப் பிணைந்த அமெரிக்க பாப் பாடல்களையும் நாற்பது ஆண்டுகளாக விடாமல் கேட்டுவருகிறேன். கேசட்டும் இசைத்தட்டும் சிடியும் கடந்து இன்று ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறேன் என்றாலும், 1960களின் பாடல்களுக்கு, எல்லா ஒலிகளும் ஒரே தடத்தில் சேர்ந்து வரும் மோனோ ஒலிப்பதிவே உகந்தது என்பதே இத்தனை காலப் பழக்கத்தில் நான் கண்டது.

சிடிக்கு மாறிய புதிதில் எனக்குப் பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. கேசட்டில் ஒரே வீச்சாக நெஞ்சில் வந்து மோதிய பாடல்கள், ஒலியை இடம், வலம் எனப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ தொகுப்பில் குரல் ஒரு காதிலும் தாளம் மறு காதிலுமாகப் பிரிந்து, வலுவிழந்து ஒலித்தன. சிங்கிள்களாக, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டுகளாக, வெளிவந்த அப்பாடல்கள் பெரும்பாலும் வானொலிக்கும் கார் ஒலிபெருக்கிக்கும் ஏற்ப மோனோவில் கலக்கப்பட்டவை என்பதைப் பிறகே அறிந்தேன். 1959இல் பெர்ரி கோர்டி டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில், கார் வானொலியில் எப்படிக் கேட்கும் என்றறியச் சிறிய ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டே பாடல்களைச் சோதித்திருக்கிறார்கள்.

மோனோவுக்குத் திரும்பிய பிறகுதான் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் எனக்கு உண்மையில் புலப்பட்டது. வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டிய அவர், பாடகரின் வரிக்கு அடியில் இன்னொரு மெட்டையே பாடிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் அச்சிடப்படவே இல்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம். 1971இல் வெளிவந்த மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் ஜேமர்சனுக்கு உரிய இடம் கிடைத்தது. குரலின் மீது குரலை அடுக்கி உருவாக்கிய அத்தொகுப்பை மட்டும் நான் ஸ்டீரியோவிலேயே கேட்கிறேன்; அங்கே அந்த விரிவு தேவைப்படுகிறது.

மெம்ஃபிஸில் பழைய திரையரங்கு ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக்கிய ஸ்டாக்ஸ் என்ற மற்றொரு சோல் இசை நிறுவனத்தின் பாடல்களில் கருவிகள் குறைவு, இடைவெளி அதிகம். அதன் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் குரல் கரகரத்து உயரும்போது பின்னணி ஒதுங்கி வழிவிடுகிறது. இரவில் தனியே கேட்பதற்கு நான் நாடுவது இவற்றையே.

கைபேசியில் உள்ள மோனோ வசதி இரு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்க்குமேயன்றி அன்றைய மோனோ கலவையைத் தராது என்பதால், தொகுப்பின் விவரத்தில் ‘மோனோ’ எனக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒலிக்கவிடுகிறேன்.