லைசென்ஸ் உள்ள கடன் கம்பெனிதானே என்று கையெழுத்துப் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் மாதச் சம்பளத்தை வைத்து ஓட்டும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். திடீரென்று இரண்டாயிரம் மூவாயிரம் வெள்ளி தேவைப்பட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஆலோங் (லைசென்ஸ் இல்லாத கடன்முதலை) பக்கம் போகாதே, லைசென்ஸ் உள்ள இடத்துக்குப் போ. நானும் அப்படித்தான் போனேன். சட்ட அமைச்சின் பட்டியலைத் திறந்து கம்பெனியின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் மாடி ஏறினேன். அப்படியும் ஏமாற்றினார்கள்.

மாமியார் தவறிவிட்டார், குடும்பத்தோடு உடனே திருச்சிக்குக் கிளம்ப வேண்டும், கடைசி நேர டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும். நான் கிடங்கில் வேலை செய்கிறேன். வருட வருமானம் 30,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால் பேங்கில் சாதாரணமாகக் கிரெடிட் கார்டு கூடக் கிடைக்காது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் இந்தக் கடைகளுக்குப் போகிறோம், ஆடம்பரத்துக்காக யாரும் அங்கே போய் நிற்பதில்லை.

கவுன்டரில் இருந்த தம்பி நல்ல தமிழில் பேசினார், வாய்க்கு வாய் அண்ணே. 3,000 வெள்ளி கடன், ஆறு மாதம், மாதம் 620 வெள்ளி. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்: மூவாயிரத்துக்கு 4 விழுக்காடு 120, ஆறு மாதத்துக்கு 720, கூட்டினால் 3,720, ஆறால் வகுத்தால் 620. சட்டத்தில் சொன்ன 4 விழுக்காடுதான் அண்ணே, ஒரு காசும் கூடுதலாக வாங்கவில்லை என்றார். கேட்கச் சரியாகத்தானே இருக்கிறது? அப்புறம் ஐம்பது வெள்ளி நோட்டுகளாக எண்ணி வைத்தார். 2,300 வெள்ளி இருந்தது. 300 நிர்வாகக் கட்டணம், 400 முன்பணம், கடைசியில் கழித்துக்கொள்வோம் என்றார். ஒப்பந்தத்தில் ஒரு பிரதி கேட்டேன், பிரின்டர் ரிப்பேர், மெயிலில் வரும் என்றார். வரவே இல்லை.

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் அந்த 620 வெள்ளி. 2015 அக்டோபர் 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் மாதம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, இது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த 4 விழுக்காட்டை மீதி இருக்கும் அசலுக்கு மட்டும்தான் போட வேண்டும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடக் கூடாது. முதல் மாதம் 120 வெள்ளி வட்டி, சரி. தவணை கட்டியதும் அசல் குறைகிறது, அடுத்த மாதம் வட்டி 102 வெள்ளி போல வர வேண்டும், ஆறாவது மாதம் 22 வெள்ளிதான் வரும். அப்படிப் போட்டால் மாதத் தவணை 573 வெள்ளிக்குள் அடங்கும், மொத்த வட்டி ஏறக்குறைய 434 வெள்ளி. என்னிடம் கேட்டது 720. ஒரே 4 விழுக்காடு என்று சொல்லி, கணக்குப் போடும் விதத்திலேயே 286 வெள்ளியை உருவப் பார்த்தார்கள். ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் இருக்கும் அந்தப் பணம்.

அடுத்தது முன்பணம். நிர்வாகக் கட்டணம் என்று கடன் கொடுக்கும்போது 10 விழுக்காடு வரை வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆகவே 300 வெள்ளியில் தப்பில்லை. ஆனால் கடன் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது, என்ன பெயர் வைத்தாலும் சரி. கைக்கே வராத 400 வெள்ளிக்கும் நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தப் பிரதியை அங்கேயே கொடுத்தாக வேண்டும், நிபந்தனைகளை நமக்குப் புரியும் மொழியில் விளக்கியாக வேண்டும், இதுவும் சட்டம். தமிழில் அன்பாகப் பேசுவதை விளக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அடையாள அட்டையையோ ஒர்க் பெர்மிட்டையோ ஏடிஎம் கார்டையோ தங்களிடமே வைத்துக்கொள்ளக் கேட்டால், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டால் பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது தவணை சம்பளம் தள்ளிப்போனதால் தாமதமானது. 60 வெள்ளி தாமதக் கட்டணம் போட்டார்கள், அது மாதத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு. கூடவே தாமத வட்டி 80 வெள்ளி. எப்படி 80 என்றால் மீதி அசல் 2,000 வெள்ளிக்கும் 4 விழுக்காடாம். தாமத வட்டியைத் தவறிய தவணைக்குத்தான் போடலாம், இன்னும் நாள் வராத தொகைக்குப் போட முடியாது. அவர்கள் சொன்ன 620 வெள்ளித் தவணையையே எடுத்துக்கொண்டாலும், முழு மாதம் தாமதித்தால்கூட 24 வெள்ளி 80 காசுதான். நான் கேட்டபோது சிஸ்டம் அப்படித்தான் கணக்குப் போடும் என்றார்கள். பிறகு வேலையிடத்துக்குப் போன் போட்டு என் சூப்பர்வைசரிடம் பேசினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாட்ஸப்பில் தெரியாத நம்பரிலிருந்து தமிழில் ஒரு மெசேஜ்: பழைய கடனை நாங்களே அடைத்துத் தருகிறோம், ஏடிஎம் கார்டு மட்டும் கொடுத்தால் போதும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் வாட்ஸப், எஸ்எம்எஸ், போன் வழியாக ஆள் பிடிக்கவே கூடாது, சொந்த இணையப்பக்கம், தொழில் விவரத் தொகுப்புகள், கடையின் உள்ளும் வெளியும், இங்கே மட்டும்தான் விளம்பரம் செய்யலாம். ஆக அப்படி வரும் மெசேஜ் எதுவும் நல்லதுக்கு இல்லை. கார்டைக் கொடுத்துவிட்டால் நீங்கள் கடன்முதலைக்கு உதவியவர் ஆகிவிடுவீர்கள். முதல் தடவையே 30,000 முதல் 300,000 வெள்ளி வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை போகலாம்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. வருட வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழே இருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கு எல்லாக் கம்பெனியும் சேர்த்தே 500 வெள்ளிக்கு மேல் கொடுக்க முடியாது. அதற்கு மேல் தருகிறேன் என்று தங்குவிடுதி வாசலில் எவனாவது சொன்னால் அவன் யார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான் கட்டிய ரசீதுகளோடு ஒரு சமூக சேவை அமைப்புக்குப் போனேன். அங்கிருந்த அக்கா பொறுமையாக உட்கார்ந்து, மாதாமாதம் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்று பென்சிலால் எழுதிக் காட்டினார். அந்தக் கணக்கை வைத்துக் கம்பெனிக்கும் சட்ட அமைச்சின் கீழ் உள்ள கடன் கொடுப்போர் பதிவகத்துக்கும் எழுதினேன். கம்பெனி 80 வெள்ளியை எடுத்துவிட்டு, குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் புதுக் கணக்கு அனுப்பியது, அதாவது சரியாகக் கணக்குப் போட அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். 400 வெள்ளிக்கு இன்னும் பதில் இல்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் நகை இருந்தால் லைசென்ஸ் உள்ள அடகுக்கடையில் மாதம் 1.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது, மீட்க ஆறு மாதம் இருக்கிறது. 3,000 வெள்ளிக்கு முதல் மாதம் 45 வெள்ளி, கடன் கம்பெனியில் 120. சாப்பாடு, வாடகைக்கே கஷ்டம் என்றால் அரசாங்க உதவித் திட்டமான காம்கேர் எண் 1800-222-0000, அது கடன் அல்ல, உதவி. அப்புறம் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். இங்கே அரசாங்க ஊழியர்கள் 1925இலேயே சங்கம் தொடங்கி, உறுப்பினர் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கடன் கொடுத்தார்கள். உங்கள் தொழிலுக்கோ தொழிற்சங்கத்துக்கோ அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து, தேவை வருவதற்கு முன்பே சேர்ந்து மாதம் கொஞ்சம் போட்டு வையுங்கள்.

நம் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு அரிசி, மளிகை கொடுக்கிறீர்கள், மனதார நன்றி. அதோடு கூட்டுறவுச் சங்கத்தோடு கைகோத்து, சாவு, ஆஸ்பத்திரி, பள்ளிச் செலவு போன்ற அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் ஆயிரம் இரண்டாயிரம் கிடைக்க ஒரு நிதி போடுங்கள். வசதியானவர்கள் சேமிப்பில் ஒரு பங்கை அதில் வையுங்கள். நாங்கள் திருப்பிக் கட்டுகிறவர்கள்தான், 620 வெள்ளித் தவணையையே கட்டியவர்கள்.

இப்போது தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாவது மாத வட்டி குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் கணக்கு அறிக்கை, கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீது, இரண்டும் தந்தாக வேண்டும், தராவிட்டால் கேளுங்கள். கணக்குப் போடத் தடுமாறினால் பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் கீழே போடுங்கள், வேலை முடிந்து வந்து நான் போட்டுத் தருகிறேன்.