பாண்டி நர்சரில வாங்குன ப்ரோமிலியாட்: செடிக்கு நாலு ஸ்டார், ஆலோசனைக்கு ஒண்ணு

மஞ்சக்குப்பத்துல இருந்து ஸ்கூட்டில போயி, பாண்டி தாண்டி ஆரோவில் போற ரோட்டுல இருக்குற ஒரு நர்சரில போன வருஷம் பொங்கலுக்கு ஒரு ப்ரோமிலியாட் வாங்குனேன், 450 ரூபா. நடுவுல செக்கச்செவேல்னு நட்சத்திரம் மாதிரி நிக்குமே குஸ்மேனியா, அது. பேரத்துக்கு அசையவே மாட்டேங்குறாங்க, ஆனா செடி நல்லா தளதளன்னு இருந்துச்சு, இலைல ஒரு புள்ளி கெடையாது. அந்த செவப்பு நெஜத்துல பூவே இல்ல, கலர் இலைதான், பூ அதுக்குள்ள குட்டியா எட்டிப் பாக்கும். மூணு மாசம் அப்படியே நின்னுச்சு, வீட்டுக்கு வந்தவங்கல்லாம் பிளாஸ்டிக்கான்னு கிள்ளிப் பாத்தாங்க.

சித்திரைல கலர் மங்கி பழுப்படிக்க ஆரம்பிச்சுது. தண்ணி பத்தலன்னு ஊத்துறேன், உரம் வைக்குறேன், ஒண்ணும் வேலைக்காவல. போன் பண்ணா கடைத் தம்பி சாவகாசமா "அது ஒரு தடவதான்க்கா பூக்கும், அப்புறம் போயிரும்"ங்குறான். இத விக்கும்போது சொன்னா என்னவாம்? எங்கம்மாதான் "அன்னாசி ஜாதி மாதிரி இருக்கு, வாழை குலை தள்ளுனா சாயத்தானே செய்யும், அடில கன்னு இருக்கா பாரு"ன்னாங்க. உண்மையிலயே அன்னாசி குடும்பந்தான். ஆடி மாசம் பாத்தா இலை மடிப்புக்குள்ள ரெண்டு, அடில ஒண்ணு, மூணு குட்டி.

திரும்ப கடைக்கே போயி கேட்டது என் தப்பு. "உடனே வெட்டி நட்டுருங்க, வெட்டுன எடத்துல போர்டோ பேஸ்ட் தடவுங்க, அழுவாது"ன்னான். அடில இருந்த குட்டி விரல் நீளம்கூட இல்ல, அத வெட்டி, பேஸ்ட்டத் தடவி, அங்கயே வாங்குன செம்மண் கலவைல வெச்சேன், பத்து நாள்ல சொதசொதன்னு போச்சு. அப்புறந்தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், போர்டோல இருக்குறது மயில்துத்தம், அதாவது காப்பர், இந்தச் செடி ஜாதிக்கு காப்பர் ஆகவே ஆகாது. குட்டியும் சின்னது, மண்ணும் தண்ணி வடியாத மண்ணு, எதுன்னு சொல்றது.

மீதி ரெண்டையும் தாய்ச்செடில பாதி உயரம் வர்ற வரைக்கும் தொடவே இல்ல. தீபாவளி முடிஞ்சு புது பிளேடால அடிக்கட்டையோட ஒட்ட அறுத்து, ஒரு நாள் நெழல்ல காய விட்டு, தேங்கா மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் ஆத்து மணல், இவ்ளோதான் கலவை, சின்னத் தொட்டி. ஆழமா பொதைக்கக் கூடாது, குருத்து அழுகிரும். வேர் புடிக்குற வரைக்கும் ஆடாம இருக்க ஈர்க்குச்சி வெச்சு கட்டிட்டேன். ரெண்டுமே புடிச்சுகிச்சு.

தண்ணி இலைங்க சேர்ற நடுக்குழில நிக்கணும், அதுலதான் வம்பு. எங்க தெரு போர் தண்ணி உப்பு, ஊத்துனா இலையெல்லாம் வெள்ள வெள்ளயா படியுது, அதனால ஐப்பசி மழைல ரெண்டு ட்ரம் புடிச்சு மூடி வெச்சேன். அப்புறம் டெங்கு செக்கிங்க்கு வந்த அக்கா ட்ரம்ம விட்டுட்டு நேரா செடி நடுவுல டார்ச் அடிச்சு "இங்க பாருங்க புழு நெளியுது"ன்னு சத்தம் போட்டு, பக்கத்து வீடு வரைக்கும் மானம் போச்சு. இப்ப மூணு நாளைக்கு ஒருக்க தொட்டியக் கவுத்து கொட்டிட்டு புதுசா ஊத்துறேன். குட்டி பூக்க ரெண்டு மூணு வருஷம் ஆகுமாம். செடி பெருசானப்புறம் பழுத்த ஆப்பிளோட கவர்ல ஒரு வாரம் கட்டி வெச்சா பூ தள்ளும்னு சொல்றாங்க, அன்னாசித் தோட்டத்துல பூக்க வைக்க எத்திபான்னு ஒரு மருந்து அடிக்கிற அதே கணக்கு. அப்ப செஞ்சு பாக்கணும்.

கடைக்கு வருவோம். செடி தரம், பேக்கிங் ரெண்டும் நல்லாருக்கு, ஜிபே உண்டு, வண்டி நிறுத்த எடம் இருக்கு. கலவை மூட்ட மட்டும் வாங்காதீங்க. முன்னாடி பூத்து நிக்குற 450 ரூபா செடியையும் விட்டுருங்க. பின்பக்கம் நெழல் வலைக்கு அடில பூ வாடுனத ஒதுக்கி வெச்சிருக்காங்க, கேட்டா 150க்கு குடுத்துர்றாங்க, அடில தடவிப் பாத்தா ரெண்டு குட்டியாச்சும் இருக்கு. போன ஞாயித்துக்கெழம நாலு கெடந்துச்சு, ஒண்ணு நான் தூக்கிட்டு வந்துட்டேன்.