ஒட்டுண்ணி ஸ்லைடு பெட்டி: எதை நம்பி வாங்கலாம்?

ஜியார்டியா, என்டமீபா, டிரிப்பனோசோமா, லீஷ்மேனியா, பிளாஸ்மோடியம், டாக்சோபிளாஸ்மா என ஒரு செல் ஒட்டுண்ணிகளின் ஆறு ஸ்லைடுகளும் ஒரு கையேடும் கொண்ட, கல்லூரி ஆய்வகத்துக்கான பெட்டி இது. ஓம்புயிரின் உடலுக்குள் இவை தாக்குப்பிடிக்க உதவும் செல் உறுப்புகளைக் காட்டுவதுதான் நோக்கம் என்கிறது கையேடு. பாதிக்கு மேல் சொன்னபடியே காட்டுகிறது. மீதியில் ஒளி நுண்ணோக்கியின் எல்லையையே மறந்துவிட்டார்கள்.

பெட்டியில் சிறந்தது ஜியார்டியா. டிரோபோசோயிட் (குடலில் உண்டு வளரும் நிலை) 10 முதல் 20 மைக்ரான் நீளம். இரண்டு உட்கருக்களும் அவற்றுக்கு நடுவே ஓடும் கசையிழைத் தண்டுகளும் 100 எக்ஸ் ஆயில் லென்ஸில் பளிச்சென்று தெரிகின்றன. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் வயிற்றுப்புறத் தட்டைத்தான் தேட வேண்டியிருக்கும். நேராகப் படிந்த செல்லில் அது வெளிறிய வட்டமாக மட்டுமே தோன்றும். பக்கவாட்டில் திரும்பிய செல்லைப் பிடித்து, ஃபைன் ஃபோக்கஸை மெல்ல ஏற்றி இறக்கினால் கரண்டிக் குழி போன்ற வளைவு பிடிபடும். குடலின் ஓட்டம் அடித்துக்கொண்டு போகாமல் இது நிற்பதற்குக் காரணம் அந்தக் குழிதான். அதே ஸ்லைடில் நான்கு உட்கருக்கள் கொண்ட சிஸ்ட்டுகளும் (சுவருக்குள் அடங்கிக் கிடக்கும் நிலை) உண்டு. சுவரை ஒட்டி உள்ளடக்கம் சுருங்கி இடைவெளி விட்டிருப்பது பதப்படுத்தும்போது நேர்ந்தது. அதைச் சுவரின் தடிமன் என்று வரைந்துவிடக் கூடாது.

என்டமீபா சிஸ்ட் ஸ்லைடும் நல்ல தயாரிப்புதான். முனை மழுங்கிய குரோமட்டாய்டு கட்டைகள் (சாயத்தை நன்றாகப் பிடிக்கும் திரள்கள்) இளம் சிஸ்ட்டுகளில் கருத்து நிற்கின்றன. முதிர்ந்தவற்றில் அவை கரைந்து போயிருக்கும், ஆகவே கட்டை இல்லையே என்று ஸ்லைடைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உட்கருவை எண்ணிப் பாருங்கள்: நான்கைத் தாண்டி எட்டு வந்தால் அது தீங்கற்ற என்டமீபா கோலை.

லீஷ்மேனியாவில், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் 2 முதல் 4 மைக்ரான் அளவில் அமாஸ்டிகோட்டுகள் (ஒட்டுண்ணியின் உருண்டை நிலை) குவிந்து கிடக்கின்றன. தன்னை விழுங்கிச் செரிக்க வந்த செல்லின் அமில அறைக்குள்ளேயே குடியிருக்கும் உயிரி இது. வெடித்த செல்லிலிருந்து சிதறியவை ரத்தத் தட்டணுக்கள் போலவே இருப்பதால் குழப்பம் வரும். வட்டமான உட்கருவுக்குப் பக்கத்தில் குச்சி போன்ற கைனெட்டோபிளாஸ்ட் (மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. திரள்) தெரிந்தால் மட்டும் ஒட்டுண்ணி என்று எழுதுங்கள்.

டிரிப்பனோசோமா ஸ்லைடில் உடலோரம் ஓடும் அலைச்சவ்வு தெளிவு. ஆனால் இந்த ஒட்டுண்ணியை எதிர்ப்பாற்றலிடமிருந்து காப்பாற்றுவது மேற்பரப்பில் போர்த்தியிருக்கும், அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் புரதப் போர்வை. அது இந்த ஸ்லைடில் தெரிய வாய்ப்பே இல்லை. கையேடும் நேர்மையாக அப்படியே சொல்கிறது.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஸ்லைடில் இளம் நிலையான வளையங்களும் பிறை வடிவக் கேமிட்டோசைட்டுகளும் (பாலின நிலை)தான் இருக்கின்றன, முதிர்ந்த நிலைகள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லுபவர்கள் உண்டு. உண்மையில் இதுதான் இந்தப் பெட்டியிலேயே கெட்டிக்காரத்தனமான ஸ்லைடு. ஒட்டுண்ணி முதிர முதிர சிவப்பணுவின் மேல் நுண்ணிய முடிச்சுகள் எழும்பி, நுண் ரத்தக்குழாய்ச் சுவரில் அணுவை ஒட்டவைத்துவிடும். மண்ணீரலுக்குப் போய் வடிகட்டப்படாமல் தப்புவது இப்படித்தான். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் முதிர்ந்தவை அரிதாக இருப்பதே அதற்குச் சாட்சி. முடிச்சு 0.1 மைக்ரான் அளவுதான், அதைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

ஏமாற்றியது டாக்சோபிளாஸ்மா. டேக்கிசோயிட்டுகள் (வேகமாகப் பெருகும் நிலை) பிறை வடிவில் அழகாகவே இருக்கின்றன, பாதிக்கப்பட்ட செல்லுக்குள் அவற்றைச் சுற்றிய குமிழியும் தெரிகிறது. ஆனால் கையேட்டுப் படத்தில் கோனாய்டு, ராப்ட்ரி (செல்லுக்குள் நுழைய உதவும் உறுப்புகள்) என்று முனையில் அம்புக்குறி போட்டு, இதே ஸ்லைடில் தேடச் சொல்கிறார்கள். ஜியெம்சா சாயம் ஏற்றிய ஸ்மியரில் (கண்ணாடியில் மெல்லியதாகப் பரப்பிய மாதிரியில்) அவை தெரியாது. மாணவர்கள் சாயத் துணுக்கைப் பார்த்து ராப்ட்ரி என்று எழுதுவார்கள்.

பயன்பாட்டில் வரும் சிக்கல்: 40 எக்ஸில் தெளிவாக இருந்து, 100 எக்ஸில் லென்ஸ் கண்ணாடியில் முட்டினால் முதலில் ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த சந்தேகம், மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப். 0.17 மி.மீ. இருக்க வேண்டியது தடித்துப் போனால் ஆயில் லென்ஸ் ஃபோக்கஸுக்கு வராது. எண்ணெயைத் துடைக்க லென்ஸ் தாள் போதும், சைலீன் என்ற கரைப்பானில் நனைத்துத் தேய்த்தால் ஓரத்துப் பிசின் கரைந்து கவர்ஸ்லிப் நகரும். ஜியெம்சா ஸ்லைடுகளை வெளிச்சத்தில் விட்டால் நிறம் வெளுக்கும். வேலை முடிந்ததும் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள்.