லேன்யார்டு "கட்டித் தர்றோம்" என்கிற கடைகளிடம் உஷார்: 46,000 ரூபாய் போச்சு

ஸ்கூபா டைவிங்குக்கு கேமராவோ டார்ச்சோ வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். லேன்யார்டு என்பது அவை கை நழுவினாலும் போய்விடாமல் நம்மோடு இணைத்து வைக்கும் கயிறு. ஹவுசிங்கோடு (தண்ணீர் புகாத உறை) சேர்த்து 46,000 ரூபாய் கேமரா இப்போது புதுச்சேரி கடலுக்குள் கிடக்கிறது. கயிறு அறுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முடிச்சு உருவிக்கொண்டது.

சென்னையில் டைவிங் சாமான் விற்கும் கடை அது, பெயர் இப்போதைக்கு வேண்டாம். கேமரா வாங்கியதும் அங்கேதான். "லேன்யார்டும் நாங்களே கட்டித் தருவோம் சார், 600 ரூபாய்தான்" என்றார்கள். முடிச்சு சின்னதாக இருக்கிறதே, நிற்குமா என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் கயிற்றை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துக் காட்டி, "டைனீமா சார், ஆளையே தூக்கும்" என்றார். அந்த இழுப்பில்தான் நம்பிக்கை வந்தது. அவர் சொன்னது பொய்யும் இல்லை, டைனீமா அவ்வளவு வலுவான நார். ஆனால் சோப்பு தடவின மாதிரி வழுக்கும். நைலானில் கவ்வி நிற்கிற முடிச்சுகூட அதில் நழுவும். தினமும் அதை விற்கிறவருக்கு இது தெரியாதா?

மேலேறத் தொடங்கும் நேரத்தில், லேன்யார்டு இருக்கிறதே என்று கேமராவைக் கைவிட்டு காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்தேன். நிமிர்ந்தால் லேன்யார்டின் போல்ட் ஸ்நாப் (உலோகக் கொக்கி) மட்டும் பிசிடியின் (டைவிங்கில் போடும் மிதவை ஜாக்கெட்) டி-ரிங் வளையத்தில் தொங்குகிறது, கேமரா கலங்கலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. டைவ் மாஸ்டர் வேண்டாம் என்று கையசைத்தார். காற்று குறைந்திருக்கும்போது கேமராவுக்காக யாரும் ஆழத்துக்குப் போகக் கூடாது, அவர் செய்தது சரி.

மிச்சக் கயிற்றைப் படகுக்கார அண்ணன் வாங்கிப் பார்த்தார். "இது முடிச்சே இல்ல தம்பி, சும்மா ரெண்டு தடவ சுத்தி விட்டிருக்கான்." நுனி பிசிறாமல் முழுசாக இருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் சுருள் மட்டும்.

கடைக்குப் போன் செய்தால், "நீங்க அவுத்துக் கட்டியிருப்பீங்க." போட்டோ அனுப்பினால், "கயிறு அறுந்திருக்கு சார், அதுக்கு வாரண்டி கிடையாது." அறுந்த நுனி இப்படியா இருக்கும்? அப்புறம் ஓனர் ஊரில் இல்லை. கடைசியில், "வேணும்னா அந்த 600 ரூபாயைத் திருப்பித் தர்றோம்." 46,000 எங்கே, 600 எங்கே! இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

எந்தெந்த சாமானுக்கு எந்த முடிச்சு என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: பின்னிய நைலான் கயிறு கேளுங்கள். வளையத்தில் இரண்டு சுற்று விட்டு டபுள் ஃபிஷர்மேன் என்கிற முடிச்சைப் போடச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே. பவ்லைன் என்கிற கண்ணி முடிச்சு போட்டால் வாலுக்கு (முடிச்சுக்கு வெளியே நிற்கும் நுனி) ஒரு தடுப்பு முடிச்சு கட்டாயம், சுமை இல்லாமல் ஆடினால் அது தளரும். நனைத்து இறுக்குங்கள், வாலை ஒட்ட வெட்டாதீர்கள், நைலான் நுனியை லைட்டரால் உருக்குங்கள். கையால் இழுத்துக் காட்டினால் நம்பாதீர்கள், காலில் மாட்டி முழு பலத்தோடு இழுங்கள். பயந்துபோய் இரும்போடு இரும்பு மாட்டவும் வேண்டாம், எங்காவது சிக்கினால் கத்தியால் அறுக்க நடுவில் கயிறு இருக்க வேண்டும்.

பில், போட்டோ, மிச்சக் கயிறு எல்லாம் கையில் இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. என்னுடையது 46,000. திங்கட்கிழமை கொடுக்கிறேன்.