தரையா, கடப்பாக்கல்லா, இரும்புச் சட்டமா? கார் ஷெட்டில் ஒரு வேலை மேசை

முதல் போட்டியாளர் தரை. சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்ய வந்த தச்சர் நான்கு நாளும் மேசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கை விரித்து உட்கார்ந்தார். பலகையின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு இழைப்புளி ஓட்டினார். அவருடைய பாதம்தான் அவருக்கு வைஸ், அதாவது பொருளை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்புக் கருவி. செலவு சுழியம், ஆட்டம் என்ற பேச்சே இல்லை, வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கினால் ஷெட் பழையபடி காருக்கு.

அதைப் பார்த்துவிட்டு நானும் தரையிலேயே ஒரு அலமாரி செய்ய உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போனது. அவருக்கு அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை தச்சருக்கு வராது. அதோடு, இரும்பு வேலை என்று வந்துவிட்டால் தரை உதவாது. வைஸை எதில் பூட்டுவது? குத்தவைத்துக்கொண்டு இரும்பு அறுக்கும் கிரைண்டரைப் பிடித்தால் பொறி நேரே முகத்துக்குத்தான் வரும். ஆக, மேசை வேண்டும். எந்த மேசை என்பதுதான் கேள்வி.

மேசை என்றதும் எல்லோரும் மேல்பலகையைப் பற்றியே பேசுகிறார்கள். தேக்கா, வேம்பா, பிளைவுட்டா என்று. வைஸில் ஒரு இரும்புப் பட்டையைப் பிடித்து நாலு முறை அரம் போட்டுப் பாருங்கள், கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். மேசை முன்னும் பின்னும் ஆடினால் உங்கள் பலத்தில் பாதி அந்த ஆட்டத்துக்கே போகும். மேல்பலகையை இரண்டு வருடம் கழித்துக்கூட மாற்றலாம். காலில் மிச்சம் பிடித்தால் மேசையையே மாற்ற வேண்டிவரும். கீழே வரும் எல்லாவற்றையும் நான் இந்த ஒரு கண்ணோடுதான் பார்த்தேன்.

கடப்பாக்கல்

சமையலறை மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய கல் ஒன்று பல வீடுகளில் சுவரோரம் சாய்ந்து நிற்கும். எங்கள் வீட்டிலும் நின்றது. செங்கல்லில் இரண்டு தூண் எழுப்பி அதன்மேல் கல்லைக் கிடத்தினால் மேசை தயார் என்பார் கொத்தனார். ஆறடிக்கு இரண்டடி, ஒரு அங்குலக் கனக் கல் 75 கிலோவுக்கு மேல் வரும். யானை வந்து முட்டினால்தான் ஆடும். கரையான் வராது, ஆயில் கொட்டினாலும் துணியால் துடைத்தால் போதும். கார்புரேட்டரைப் பிரித்துச் சாமான்களை வரிசையாக அடுக்கி வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் அதன்மேல் சுத்தியலால் அடிக்க முடியாது. ஓங்கி ஒரு அடி, கல் இரண்டு துண்டு. திருகு இறங்காது, ஆணி இறங்காது. ஓரத்தில் துளை போட்டு வைஸ் பூட்டினால் அந்தத் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும். உளி கைதவறிக் கல்லில் பட்டால் முனை போச்சு. பலரும் கவனிக்காத இன்னொன்று: கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. கார் பேட்டரியை அதன்மேல் வைத்து ஆசிட் சிந்திவிட்டால் பளபளப்பு அரித்துப்போய் வெள்ளைத் தழும்பாக நிற்கும். வாடகை வீட்டுக்காரர் என்றால் இந்த யோசனையே வேண்டாம்; வீடு மாறும்போது தூணை இடிக்க வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

பழைய கதவு

என்னை அதிகம் மயக்கியது இதுதான். வீடு இடிக்கும் இடத்திலும் பழைய மரக்கடையிலும் ஏழடிக் கதவுகள் கிடக்கின்றன. காரைக்குடிப் பக்கம் போய்த் தேடாதீர்கள். அங்கே இருப்பது பர்மாத் தேக்கு. அந்த விலைக்கு வாங்கியதன்மேல் கிரீஸ் டப்பா வைக்க மனசு வராது. நமக்கு வேண்டியது இருபக்கமும் தட்டையான சாதாரண ஃபிளஷ் கதவு. சட்டம் போட்டுப் பலகை பதித்த கதவு வேண்டாம், அதில் நடுநடுவே பள்ளம் இருக்கும். வைத்த நட்டு அதில்தான் போய் உட்காரும்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று குடம்போலக் கேட்டால் உள்ளே வெற்றிடம். மந்தமாகக் கேட்டால் உள்ளே மரக்கட்டை நிரப்பியது, அதைப் பிடியுங்கள். குளியலறைக் கதவாக இருந்தால் அடிப்பக்கம் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும். உப்பிய ஒரு அடியை வெட்டி எறிந்தால் சரியாக ஆறடி மேசை, விலையும் குறைத்துக் கேட்கலாம்.

மேல்பலகையாக இதற்கு முழு மதிப்பெண். காலுக்கு என்ன செய்வது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மரக் குதிரை இரண்டின்மேல் கதவைப் போட்டால் பெயின்ட் அடிக்கலாம், அளவு குறிக்கலாம். அரம் போட முடியாது.

பேக்கிங் மரமும் துளைபோட்ட ஆங்கிளும்

இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரப் பெட்டிகள், பேலட்டுகள் எல்லாம் தொழிற்பேட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்ததில் முத்திரை இருக்கும். HT என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. MB என்றிருந்தால் பூச்சியைக் கொல்ல மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள். ஆணி பிடுங்கவே ஒரு நாள் ஆகும். அலமாரித் தட்டுக்கு ஆகும், மேசைக் காலுக்கு நான் நம்பமாட்டேன்.

ஸ்லாட்டட் ஆங்கிள் எனும் துளைபோட்ட இரும்புச் சட்டத்தின் சௌகரியம் வெல்டிங் வேண்டாம், ஸ்பேனர் போதும் என்பது. ஆனால் அது சரக்கு அடுக்குவதற்காகப் பிறந்தது. மேலிருந்து அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் ஆடும். மூலைக்கு மூலை குறுக்குப் பட்டை போட்டு, பின்பக்கத்தைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினால் ஓரளவு அடங்கும். வாடகை வீட்டுக்கு இதையே சொல்வேன், கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

சதுர பைப் சட்டம், மேலே பிளைவுட்

கடைசியில் நான் போனது வெல்டிங் பட்டறைக்கு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், 34 அங்குல உயரம். ஒன்றரை அங்குலச் சதுர பைப், 2 மி.மீ. கனம். நான்கு கால், மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், மேலே குறுக்காக இரண்டு. கூட்டினால் 47 அடி, ஏறத்தாழ 33 கிலோ. பைப் 20 அடி நீளத்தில் வருவதால் மூன்று வாங்க வேண்டும். மிஞ்சும் 13 அடியை விட்டுவிட்டு வராதீர்கள், அது உங்கள் காசு. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இரும்புக்கும் கூலிக்கும் போனது. வருத்தமில்லை.

பட்டறையில் சொல்லாவிட்டால் செய்யமாட்டார்கள் என்பதால் மூன்றைச் சொல்கிறேன். ஷெட் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும். எனவே ஒவ்வொரு கால் அடியிலும் நட்டு வைத்துப் பற்றவைத்துப் போல்ட் மாட்டச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துத் திருகினால் மேசை சமமாகும். வைஸ் வரும் மூலையில் 6 மி.மீ. தகடு ஒன்று, காலுக்கு நேர் மேலே. திறந்த பைப் வாய்களையெல்லாம் மூடி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளிருந்து துரு தின்றுவிடும்.

உயரத்தில் ஒரு பஞ்சாயத்து உண்டு. அரம் போட வைஸின் வாய் உங்கள் முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும். இழைப்புளி ஓட்டுபவருக்கு அந்த மேசை உயரம் அதிகம். 34 அங்குலம் என் உயரத்துக்கு நடுவில் கண்ட சமாதானம், உங்களுக்கு உங்கள் முழங்கைதான் டேப்.

பிளைவுட் 18 மி.மீ. கனத்தில் எட்டடிக்கு நாலடித் தாள் ஒன்று போதும். ஆறடிக்கு இரண்டடியாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று பசை போட்டு ஒட்டினால் 36 மி.மீ. கனம். மிஞ்சும் இரண்டடிக்கு நாலடி கீழ்த்தட்டுக்கு. மரைன் ரகம் தேவையில்லை. சாரல் அடிக்கும் ஷெட்டுக்கு கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் தாராளம், ஓரங்களில் மட்டும் வார்னிஷ் ஊறும்வரை அடியுங்கள். கையைக் கடித்தால் பிளைவுட்டை விட்டுவிட்டு அந்தப் பழைய ஃபிளஷ் கதவையே இந்தச் சட்டத்தின்மேல் பூட்டுங்கள். பைப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காரும் உள்ளே நிற்க வேண்டுமே?

பத்தடி அகல ஷெட் என்றால் 3050 மி.மீ. ஸ்விஃப்ட் அகலம் 1735. இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு அடி விட்டு நிறுத்தினால் வலப்பக்கம் மூன்றடி சொச்சம் கிடைக்கும். அதில் இரண்டடி மேசை போட்டால் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்குவது சர்க்கஸ். இங்கே மேலே சொன்ன எதுவும் ஜெயிக்காது. சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகைதான் வழி. அகலம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், தாங்கு சட்டத்தைச் சுவரில் எக்ஸ்பான்ஷன் போல்ட்டால் பிடியுங்கள். வைஸ் மட்டும் தனியாக, ஷெட் தூணோரம் ஒரு இரும்புக் காலில்.

விளக்குக்கு நான்கடி எல்.இ.டி. பேட்டன் இரண்டு, மேசை முன்விளிம்புக்கு நேர் மேலே. நடு ஷெட்டில் போட்டால் நம் நிழல்தான் வேலையில் விழும். 15 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, மெயினில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கிரைண்டர் போடும்போது பைக்கைத் தெருவில் தள்ளிவிடுங்கள். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

அந்தக் கடப்பாக்கல்லை இரண்டடிக்கு ஒரு துண்டு வெட்டி மேசை ஓரத்தில் வைத்திருக்கிறேன். சமதளத்தில் அதை அடிக்க ஆளில்லை. வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளை நனைத்து ஒட்டி உளி தீட்டினால் முன்கை மயிர் வழித்துக்கொண்டு வருகிறது. கதவு செய்த தச்சர் போன மாதம் வந்தபோது மேசையை ஒரு முறை தட்டிப் பார்த்தார், கல்லை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து தன் உளியைத் தீட்ட ஆரம்பித்தார்.