எஃப்எம் 4-64: செல் சவ்வின் நடமாட்டத்தைக் காட்டும் சிவப்புச் சாயம்

தாவர செல்லின் வெளிச்சவ்வுக்குப் பொட்டாசியம் சேனல்கள் (பொட்டாசிய அயனிகளைச் சவ்வு வழியே விடும் புரத வாயில்கள்) எப்படி வந்து சேர்கின்றன, எப்போது உள்ளே இழுக்கப்படுகின்றன என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. அதற்கு நான் அதிகம் கையில் எடுப்பது எஃப்எம் 4-64 என்ற சாயம். புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்கள், "அக்கா, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினால் என்னதான் தெரியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

வாங்குவதென்றால் 100 மைக்ரோகிராம் வீதம் 10 குப்பிகள் உள்ள பெட்டியை வாங்குங்கள். 1 மில்லிகிராமும் ஒரே குப்பியில் வந்தால், திறக்கும்போதெல்லாம் வெளிச்சமும் ஈரமும் பட்டுக் கெடும். சின்னக் குப்பியைத் தூக்கிப் பார்த்தால் காலிக் குப்பி மாதிரிதான் இருக்கும். அடியில் லேசான கறை தெரிந்தால் அதுதான் சரக்கு. மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விடுங்கள். 82 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஊற்றினால் 2 மில்லிமோலார் கரைசல் தயார். உடனே அலுமினியத் தாளில் சுற்றி ஐஸில் வையுங்கள்.

இந்தச் சாயம் தண்ணீரில் கிடக்கும்போது ஒளிர்வதே இல்லை என்று சொல்லலாம். சவ்வின் கொழுப்பில் புதைந்ததும் சிவப்பாக ஒளிரும். ஆனால் சவ்வைக் கடந்து மறுபக்கம் போக அதனால் முடியாது. அதன் மதிப்பே இதில்தான் இருக்கிறது: செல்லுக்குள் சிவப்பாக எது தெரிந்தாலும், அது வெளிச்சவ்விலிருந்து கிள்ளி எடுத்து உள்ளே கொண்டுவரப்பட்ட துண்டு. இதைச் செய்த வேதியியலாளர் ஃபெய் மாவோவின் பெயர்தான் எஃப்எம். 1995-ல் விடா, எம்ர் என்ற ஆய்வாளர்கள் ஈஸ்டில் இதை வைத்து, வெளிச்சவ்வு வாக்யுவோல் (செல்லுக்குள் இருக்கும் பெரிய சேமிப்புப் பை) வரை பயணிப்பதைக் காட்டினார்கள்.

ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் சிறுசெடியான அராபிடாப்சிஸின் நாற்று வேரை 2 மைக்ரோமோலார் கரைசலில் ஐந்து நிமிடம் ஐஸில் வைத்து, கழுவி, கான்ஃபோகல் நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கம்பி இழுத்தாற்போல் சுத்தமான சிவப்புக் கோடு, உள்ளே ஒன்றுமில்லை. வேர் அறை வெப்பத்துக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கு உட்புறம் ஒரு புள்ளி, அப்புறம் இன்னொன்று, அப்புறம் செல் முழுக்க அசையும் புள்ளிகள். செல்லுக்குள் சவ்வுப் போக்குவரத்தைத் தடுக்கும் மருந்தான பிரிஃபெல்டின் ஏ-யை 50 மைக்ரோமோலார் சேர்த்து ஒரு மணி நேரம் விட்டால், புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பெரிய கட்டிகளாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சரி, சேனல் எங்கே? அதை இந்தச் சாயம் காட்டாது. இலைத்துளையின் காப்புச் செல்லில் பொட்டாசியத்தை உள்ளே விடும் கேட்1 சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். வறட்சியில் செடி சுரக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம் பட்டால் சில நிமிடங்களில் அது வெளிச்சவ்விலிருந்து உள்ளே போய்விடுகிறது. அமிலத்தை நீக்கினால் மணிக்கணக்கில் மெல்லத் திரும்பி வருகிறது. கிளாஸ்கோவில் மைக்கேல் பிளாட்டின் குழு 2007-ல் இதைக் காட்டியது, சேனலிலேயே ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து. எஃப்எம் 4-64 மட்டும் இருந்திருந்தால் சவ்வு உள்ளே போனது தெரியும். அதில் கேட்1 ஏறியதா என்று தெரியாது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெசிக்கிள்களை (சரக்கு சுமக்கும் சின்னச் சவ்வுப் பைகளை) வெளிச்சவ்வோடு இணைக்கும் சிப்121 என்ற புரதத்தைச் சரக்கு இறக்கும் ஆள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 2009-ல் அதே குழு வேரில் கண்டது வேறு: சிப்121, கேசி1 என்ற சேனல் துணையலகை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக ஏகேடி1 சேனல் எந்த மின்னழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. சிப்121 இல்லாத செடியின் வேர் செல்லில் உள்நோக்கிய பொட்டாசிய மின்னோட்டம் காணாமல் போகிறது. இத்தனைக்கும் கேசி1 இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. சேனல் இடம் மாறவில்லை, அதன் நடத்தை மாறிவிட்டது. இந்த இடத்தில் எந்தச் சாயமும் உதவாது. மின்முனையைச் செருகி மின்னோட்டத்தை அளந்தே ஆக வேண்டும். சாயப் படத்தை மட்டும் வைத்து "போக்குவரத்தில் மாற்றமில்லை, ஆகவே இந்தப் புரதத்துக்குச் சேனலோடு தொடர்பில்லை" என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செல் வளர்ப்பில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க: வழக்கமான அளவிலேயே இந்தச் சாயம், பிஒய்-2 என்ற புகையிலைச் செல் வளர்ப்பிலும் அராபிடாப்சிஸ் செல் வளர்ப்பிலும், வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைக் கடத்தும் புரதங்களைத் தற்காலிகமாக இடம்பெயரச் செய்கிறது என்று 2010-ல் காட்டிவிட்டார்கள். அராபிடாப்சிஸ் வேரில் அப்படி ஆகவில்லை. அதனால் செல் வளர்ப்பில், சாயம் போடாத மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இலையில் வேறு தலைவலி. பச்சையமும் சிவப்பாகவே ஒளிரும். காப்புச் செல்லில் பசுங்கணிகங்கள் உண்டு. 600 முதல் 640 நானோமீட்டர் வரை மட்டும் ஒளியைச் சேகரித்தால் ஓரளவு தப்பிக்கலாம். இலையின் மேலுள்ள மெழுகுப் படலமான க்யூட்டிக்கிள் சாயத்தைத் தடுப்பதால் முழு இலையை ஊறவைப்பதைவிட, மேல்தோலை உரித்து அதில் போடுவது மேல்.

வேருக்கு யோசிக்காமல் வாங்கலாம். ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதம் ஒட்டிய சேனல் செடி கையில் இருந்தால் இன்னும் நல்லது: 488 நானோமீட்டர் லேசர் ஒன்றே இரண்டையும் ஒளிரச் செய்யும், பச்சையும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து வரும். காப்புச் செல்தான் உங்கள் வேலை என்றால், முதலில் அந்தச் செடியை உருவாக்கச் செலவழியுங்கள். சாயத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.