குழந்தைகள் வார்டில் கண்ட செவிலியர் சேவை

எங்கள் மகள் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையைப் பற்றிச் சொல்வதென்றால், கட்டடத்தையும் கருவிகளையும் விட, குழந்தைகள் வார்டுச் செவிலியர்களின் பணியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான மருந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படுவதால், தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனாலே அளவு பத்து மடங்காகிவிடும். அதனால் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்த்து, கைப்பட்டையிலுள்ள பெயரையும் சரிபார்த்த பிறகே ஊசியை எடுத்தார்கள். நள்ளிரவிலும் இந்த ஒழுங்கு தளரவில்லை.

அதைவிட என்னை நெகிழவைத்தது அவர்களுடைய நேர்மை. "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்வது எளிது. அந்தப் பொய்யை நம்பிய குழந்தை அடுத்த ஊசிக்கு யாரையும் நம்பாது. இங்கிருந்த செவிலியரோ, "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும் கண்ணு, எந்தக் கையில் போடட்டும்?" என்று கேட்டு, அவள் இடது கையை நீட்டும்வரை காத்திருந்தார். சிகிச்சைக்கான ஒப்புதலில் கையெழுத்திடுவது பெற்றோர்தான் என்றாலும், தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. அந்த உரிமை நடைமுறையில் மதிக்கப்படுவதை இங்கே கண்டேன்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பணி மாறும் நேரத்தில் பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் நோய் விவரங்கள் எங்கள் காதில் விழும்படி பேசப்பட்டன. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதும் செவிலியரின் கடமையே என்பதால், நிர்வாகம் அதற்கென ஒரு தனியறை ஒதுக்க வேண்டும்.